வழித்துணையார் ஊரின் ரயில் நிலையம்

காட்பாடி சந்திப்பிலிருந்து குடியாத்தம் நோக்கிப் புறப்படும் பாசஞ்சர் வண்டி, நகரத்தின் ஓசை அடங்குவதற்குள்ளாகவே வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே ஓடத் தொடங்கிவிடுகிறது. இடப்புறத்தில், சற்றுத் தொலைவில், மணல் அகன்ற பாலாறு உடன் வருகிறது. சிறிது நேரத்தில் வேகம் தணிந்து, வண்டி ஒரு சிறு நிலையத்தில் நிற்கிறது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகளில் மும்மொழியில் ஊரின் பெயர்: விரிஞ்சிபுரம். சிலர் இறங்குகின்றனர், சிலர் ஏறுகின்றனர். அவ்வளவுதான். ஊதல் ஒலித்து வண்டி நகர்ந்துவிடுகிறது.

சென்னையிலிருந்து பெங்களூருக்கும் கோவைக்கும் கேரளத்துக்கும் நாள்தோறும் இவ்வழியே செல்லும் விரைவு வண்டிகள் இங்கே நிற்பதில்லை. 2022 நவம்பர் 11 அன்று தொடங்கப்பெற்ற சென்னை – மைசூர் வந்தே பாரத் வண்டி, காட்பாடியில் நின்றுவிட்டு இந்தப் பெயர்ப்பலகையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போகிறது. அதில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் அப்பெயரைப் படித்திருப்பர்? படித்தவர்களிலும், வழிப்போக்கர்களைக் காப்பதற்கென்றே ஈசன் எழுந்தருளியிருக்கும் தலத்தின் பெயர் அது என்று எத்தனை பேர் அறிந்திருப்பர்?

பயணத்தைக் காக்கும் பெருமானின் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது ஒரு ரயில் நிலையம். இந்தப் பொருத்தம் யாரும் திட்டமிட்டு அமைத்ததன்று. ஆயினும் எண்ணிப் பார்க்க எண்ணிப் பார்க்க இனிக்கக்கூடியது. அதே வேளையில், இத்தகைய சிறு நிலையங்களின் இன்றைய நிலையை எண்ணினால் சிறிது கவலையும் தோன்றுகிறது.

உடன் வந்த பெருமான்

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 14 கி.மீ. தொலைவில், அணைக்கட்டு வட்டாரத்தில், பாலாற்றின் தென்கரையில் அமைந்துள்ளது விரிஞ்சிபுரம். விரிஞ்சன் என்பது பிரமனின் பெயர். அவன் வழிபட்ட தலமாதலின் ஊருக்கு இப்பெயர் வந்தது. இறைவன் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். அம்பிகை மரகதாம்பிகை. தல விருட்சம் பனை. இவ்வாலயத்தின் மதிலழகைப் பெரியோர் திருவாரூர்த் தேரழகோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்.

மிளகு வணிகர் ஒருவர் பொதிகளோடு காஞ்சி மாநகர் நோக்கிச் சென்றார். காட்டு வழி, கள்வர் அச்சம். விரிஞ்சையில் தங்கிய அவர், தம்மைத் துணையாக நின்று காக்கும்படி பெருமானிடம் முறையிட்டார். ஈசனே வீரனாக வடிவெடுத்து அவருடன் நடந்து வந்து பத்திரமாகச் சேர்ப்பித்தார் என்பது தல வரலாறு. சரக்கைக் காத்தவர் என்பதைவிட, தனித்து வந்தவனுக்கு உடன் வந்தவர் என்பதே இத்திருப்பெயரின் உட்பொருள்.

மற்றொரு வரலாறும் உண்டு. பிரமன் இத்தலத்து அர்ச்சகர் ஒருவரின் மைந்தனாக, சிவசர்மன் என்னும் பெயரில் பிறந்தான். தந்தை மறைந்துவிடவே, சின்னஞ்சிறு வயதில் பூசை செய்யும் முறை அவனுக்கு வந்தது. கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று பாலகன் கருவறையில் நின்றான். சிவலிங்கத் திருமேனியோ உயரம். பிள்ளையின் கை எட்டவில்லை. அவன் ஏங்கியதைக் கண்ட பெருமான் தம் திருமுடியையே சாய்த்துக் கொடுத்தார். இன்றும் அத்திருமேனி சற்றே சாய்ந்திருப்பதைத் தரிசிக்கலாம். எட்டாதவனுக்காகத் தாம் குனிந்த தெய்வம் அது. கடை ஞாயிற்றின் நள்ளிரவில் இங்குள்ள சிம்ம தீர்த்தத்தில் நீராடி, மகப்பேறு வேண்டி ஈர உடையுடன் ஆலயத்தில் துயிலும் பெண்கள் இன்றும் உளர்.

இந்த ஊர் பல வழிகள் கூடிய ஊர் என்பதற்குக் கல்வெட்டே சான்று. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1426-ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு இவ்வாலயத்தில் உள்ளது. படைவீட்டு இராச்சியத்தைச் சேர்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, இலாட அந்தணர்கள் ஒன்றுகூடி, இனித் தம் குலத்துத் திருமணங்கள் கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும் என்றும், பெண்ணுக்காகப் பொன் வாங்குவோரும் பொன் கொடுத்துப் பெண் கொள்வோரும் அரச தண்டனைக்கும் சமூக விலக்கத்துக்கும் உரியவர் என்றும் உடன்படிக்கை செய்துகொண்டதை அது கூறுகிறது. நான்கு பிரிவினர் ஓர் ஊரின் கோயிலில் தம் உடன்பாட்டைக் கல்லில் எழுதி வைத்தனர் என்றால், அவ்வூருக்கு வந்து போகும் வழிகள் அந்நாளிலேயே நன்கு நடமாட்டம் உள்ளவையாக இருந்திருக்க வேண்டும். மைசூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தையும் காஞ்சியையும் கடற்கரையையும் இணைக்கும் இயற்கை வாயில் பாலாற்றுப் பள்ளத்தாக்கு.

அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியுள்ளார். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் அவதரித்த அப்பய்ய தீட்சிதர், இத்தலத்து இறைவனை நினைந்து மார்க்கபந்து ஸ்தோத்திரத்தை அருளினார். வீட்டை விட்டுப் புறப்படும் முன் அதைச் சொல்லிவிட்டு வாசற்படி இறங்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் தொடர்கிறது.

இருப்புப்பாதை வந்தது

வணிகர் நடந்த அந்த வழியிலேயே, ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர் இரும்பு வழி ஒன்றும் வந்து சேர்ந்தது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையை அமைக்கும் பணி 1853 ஜூன் 9 அன்று சென்னை ராயபுரத்தில் தொடங்கிற்று. அமைத்தது மதராஸ் ரயில்வே என்னும் தனியார் கம்பெனி. லண்டனில் பங்கு வாங்கியோரின் முதலுக்கு ஏறத்தாழ 5 சதவீத வட்டி கிடைக்கும் என்று அரசே உத்தரவாதம் அளித்தது. பாதையில் லாபம் குறைந்தால் அந்த வட்டி இந்த நாட்டு வரிப்பணத்திலிருந்து கொடுக்கப்படும். ஆகவே, இப்பாதையின் முதல் மைல்களுக்குப் பொறுப்பேற்றவர்களுள், அதில் ஒருநாளும் ஏறியிராத நம் நாட்டு உழவர்களும் அடங்குவர்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் ஆற்காட்டுக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 65 மைல். மும்பை, கொல்கத்தாவை அடுத்து இந்தியாவில் பயணிகள் ரயில் தொடங்கிய மூன்றாவது இடம் சென்னை. அன்று ஆற்காடு எனப்பட்ட அந்நிலையமே இன்றைய வாலாஜா ரோடு. அங்கிருந்து பாதை மேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக நீண்டு, ஜோலார்பேட்டை, சேலம், பாலக்காட்டுக் கணவாய் கடந்து, 1860களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டிற்று. பத்து ஆண்டுகளுக்குள் கடலுக்குக் கடல் இரும்பு வழி. அந்தப் பழைய பாதையின் ஓரத்தில்தான் விரிஞ்சிபுரம் நிலையமும் லத்தேரி, காவனூர் முதலிய அண்டை நிலையங்களும் அமைந்துள்ளன.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. ஆற்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில். அதன் பெயரில் அமைந்த ரயில் நிலையம் வடகரையில். வேலூர் தென்கரையில்; அதற்கு முதலில் வாய்த்த நிலையமாகிய காட்பாடி வடகரையில். விரிஞ்சிபுரம் ஆலயம் தென்கரையில். அதன் பெயர் தாங்கிய நிலையம் வடகரையில். பள்ளிகொண்டா அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதும் தென்கரையில். ரயில் ஓடுவதோ எதிர்க்கரையில். வாலாஜாவிலிருந்து குடியாத்தம் வரையில் இந்தப் பாதை பாலாற்றைக் கடக்காமல் வடகரையிலேயே ஓடுகிறது. அகன்ற மணல் ஆற்றுக்குப் பாலம் கட்டுவது பெருஞ்செலவு என்பதை யாரும் உணரலாம். 1891-இல் விழுப்புரம் – காட்பாடி மீட்டர்கேஜ் பாதை பாலாற்றைக் கடந்து வந்த பிறகே, வேலூர் நகரத்துக்குத் தன் கரையிலேயே ஒரு நிலையம் கிடைத்தது. அப்பாதையும் 2010-இல் அகலப்பாதையாக மாறிவிட்டது.

ஊரின் பெயர் ஒரு கரையில், நிலையம் மறு கரையில் என்பது இந்தப் பகுதிக்குப் புதிதன்று. சோளிங்கர் நரசிம்மரைத் தரிசிக்க சோளிங்கர் நிலையத்தில் இறங்குவோர், அந்நிலையம் பாணாவரத்தில் இருப்பதையும், மலையடிக்கு இன்னும் பல மைல் செல்ல வேண்டும் என்பதையும் அறிவர். பெயர்ப்பலகையை மட்டும் நம்பி இறங்கிவிடாமல், மேற்கொண்டு செல்லும் வழியை முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

1908-இல் இந்தப் பாதை மதராஸ் – தென் மராட்டா ரயில்வேயின் ஆளுகைக்குள் வந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1951 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் பிறப்பை ஒட்டி, தென்னக ரயில்வே உருவாயிற்று. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. 1980களில் மின் கம்பிகள் வந்தன, கரிப்புகை மறைந்தது. கம்பெனியும் ஆட்சியும் எஞ்சினும் மாறின; பெயர்ப்பலகையில் விரிஞ்சிபுரம் நிலைத்தது.

கல் காட்டிய நேரமும் ரயில் காட்டிய நேரமும்

விரிஞ்சிபுரம் ஆலயத்தின் தென்புறத் திருச்சுற்றில் ஓர் அரிய கல் உள்ளது. பிறை வடிவில் செதுக்கப்பட்டு, 1 முதல் 6 வரையிலும் 6 முதல் 12 வரையிலும் எண்கள் பொறிக்கப்பெற்றது. மேலுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்த எண்ணின்மீது விழுகிறதோ அதுவே நேரம். மக்கள் அதனை மணிகாட்டும் கல் என்பர். பூசை வேளைகளைச் சூரியனே அறிவித்த காலத்தின் எச்சம் அது.

ரயில் வருமுன் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உச்சிப்பொழுதே பன்னிரண்டு மணி. ஊருக்கு ஊர் சில நிமிடங்கள் வேறுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. ரயில் வந்த பின் அப்படி இருக்க முடியவில்லை. ஒரே பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு ஒரே கடிகாரம் வேண்டும். அதற்குப் பயன்பட்டது சென்னை வானாய்வகத்தின் நேரம். ஏறத்தாழ 1870 முதல் 1905 வரையில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் சென்னை நேரத்தைப் பின்பற்றியே ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அது சென்னை நேரத்தைவிட 9 நிமிடம் முந்தியது.

கணக்கில் நாட்டமுள்ளோர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. விரிஞ்சிபுரம் ஏறத்தாழ 79 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், மூன்றரைப் பாகைக்கு 14 நிமிடம். ஆகவே ஆலயக் கல்லின் நிழல் நண்பகலைக் காட்டும்போது, வடகரையிலுள்ள நிலையத்தின் கடிகாரம் சராசரியாக 12 மணி 14 நிமிடம் காட்டிக்கொண்டிருக்கும். பருவத்துக்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும். கல்லும் தவறில்லை, கடிகாரமும் தவறில்லை. ஒன்று அவ்வூர்ச் சூரியனுக்கு உண்மையானது. மற்றொன்று நாடு முழுமைக்கும் பொதுவானது.

சிறு நிலையத்தின் பெரிய பணி

நிற்காத வண்டிக்கும் சிறு நிலையம் தேவை என்பதைப் பலர் அறியார். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைப் பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் செல்லலாம் என்பது பழைய ரயில் விதி. பின்னால் உள்ள நிலையத்து மாஸ்டர், முன்னால் உள்ளவரிடம் ‘லைன் கிளியர்’ கேட்பார். மணியொலிக் குறிப்புகளாலும் கருவிகளாலும் விடை வரும். விடை வந்த பின்னரே கைகாட்டி இறங்கும். நள்ளிரவில் பயணிகள் உறங்கிக்கொண்டு செல்ல, வழியெங்கும் இத்தகைய சிற்றறைகளில் விழித்திருந்து ஒருவர் அடுத்தவரிடம் வண்டியை ஒப்படைத்துக்கொண்டே இருந்தனர். வழித்துணை என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை. இன்று கைகாட்டி மரங்களின் இடத்தில் வண்ண விளக்குகள். நெம்புகோல்களின் இடத்தில் மின் பொத்தான்கள். ஆனால் ஒப்படைக்கும் கடமை மாறவில்லை.

மூத்த தலைமுறையினர் நினைவில் வேறு சில காட்சிகளும் இருக்கும். தொங்கவிடப்பட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி. சிறிய சாளரத்தின் வழியே நீட்டப்படும் தடித்த அட்டைச் சீட்டு. அதில் நாளைப் பொறிக்கும் இயந்திரத்தின் ‘டக்’ என்ற ஓசை. இறங்கும் ஊரில் அதைத் திருப்பிக் கொடுக்க மனமின்றிக் கொடுத்த பிள்ளைகள். கணினிச் சீட்டு வந்தது. இப்போது கைப்பேசிச் செயலியிலும் சீட்டு எடுக்கலாம். வசதிதான். ஆனால் கைப்பேசியில் கை பழகாத மூத்தோருக்கு, சீட்டு கொடுக்கும் சாளரம் திறந்திருப்பதே இன்னமும் பெரிய வசதி.

இந்தப் பாசஞ்சர், மெமு வண்டிகளை நம்பியிருப்போர் பலதரப்பட்டவர். ஆம்பூர், வாணியம்பாடியின் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளர், குடியாத்தத்துக் கைத்தறியாளர், காட்பாடியில் படிக்கும் மாணவர், 1900-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளும் அவர்களைத் தாங்கிப் பிடித்து வரும் உறவினரும். வைகாசி முதல் நாள் நடைபெறும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போன்ற நாள்களில் பக்தர் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

மூத்தோர் கண்ணில் வசதிகள்

2017-இல் இந்திய ரயில்வே தன் நிலையங்களைப் புதிதாக வகைப்படுத்திற்று. ஒரு நிலையத்தின் ஆண்டு வருமானமும் பயணிகளின் எண்ணிக்கையுமே அளவுகோல். புறநகர் அல்லாத நிலையங்கள் ஆறு வகை. ஆண்டு வருமானம் 1 கோடி ரூபாய்க்குள், பயணிகள் 10 லட்சத்துக்குள் உள்ளவை கடைசி வகை. சிற்றூர் நிலையங்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். எந்த வகையாயினும், குடிநீர், சீட்டு வழங்குமிடம், காத்திருக்கும் கூடம், இருக்கை, விளக்கு, கழிப்பறை, நிழல், கால அட்டவணை ஆகிய அடிப்படை வசதிகள் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் கொள்கை. பெரிய நிலையங்களில் நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் வருவது நன்றே. சிற்றூர் நிலையத்தில் ஒரு குழாயில் தண்ணீர் வருவதும், ஒரு விளக்கு எரிவதும் அதற்குச் சற்றும் குறைந்த நன்மையல்ல.

மூத்தோருக்கு இன்றியமையாதது நடைமேடையின் உயரம். விதிப்படி உயர் நடைமேடை என்பது தண்டவாள மட்டத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர். அதாவது இரண்டரை அடிக்கு மேல். தாழ் நடைமேடை 455 மில்லிமீட்டருக்கு மேற்படாது, ஒன்றரை அடிதான். ரயில் பெட்டியின் தளமோ நான்கு அடிக்கும் மேல். உயர் நடைமேடையிலிருந்து ஒரு படியில் ஏறிவிடலாம். தாழ் நடைமேடையிலிருந்து, கைப்பிடியை இறுகப் பற்றி, முழங்காலை உயர்த்தி, பின்னால் நிற்பவர் தாங்கிவிட, ஏற வேண்டும். அதுவும் ஒரு நிமிடத்துக்குள். அறுபது வயதைக் கடந்தோர் ரயிலைக் கைவிட்டுப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் மாறுவதற்குக் கட்டணம் மட்டும் காரணமாக இராது. இந்த ஓர் அடி வேறுபாடும் ஒரு காரணமாகலாம். மேம்பாட்டுப் பணி நடைபெறும் சிற்றூர் நிலையங்களில் முதலில் கேட்டுப் பெற வேண்டியது நடைமேடையை உயர்த்துவதே. எட்டாத பாலகனுக்காகப் பெருமான் குனிந்தார்; எட்டாத முதியோருக்காக நடைமேடை சற்றே உயரலாம்.

மெமு வண்டியில் செல்வோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். புதிய பெட்டிகளில் கழிப்பறை உண்டு. பழையவற்றில் இல்லாமலும் இருக்கும். ஏறுமுன் நிலையத்திலேயே அந்தத் தேவையை முடித்துக்கொள்வது நலம்.

இனி, கட்டணம். 2015 நவம்பரில் சாதாரண இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாயிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்று காரணமாக நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன. 1856 முதல் ஓடிய பாதையில் பாசஞ்சர் வண்டியின் ஓசையே கேளாத நாள்கள் வந்தன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, அவற்றுள் பல ‘விரைவுச் சிறப்பு’ என்ற பெயரில் வந்தமையால், 10 ரூபாய்த் தொலைவுக்கு 30 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. சிறு நிலையங்கள் பல, தம் பழைய நிறுத்தங்களைத் திரும்பப் பெற நெடுநாள் காத்திருந்தன. 2024 பிப்ரவரியில் பழைய 10 ரூபாய்க் கட்டணம் மீண்டது. அறுபது நிறைந்த ஆடவருக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டு நிறைந்த பெண்டிருக்கு 50 சதவீதமும் வழங்கப்பட்டு வந்த மூத்த குடிமக்கள் சலுகையும் அந்த 2020 மார்ச்சில்தான் நிறுத்தப்பட்டது. ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுச் செலவழிப்போருக்கு இந்த எண்கள் சிறியன அல்ல.

நடுவே ஒரு நதி

நிலையத்தில் இறங்கி ஆலயத்துக்குச் செல்ல விரும்புவோர் பாலாற்றைக் கடந்தாக வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாறு. நீரின்றிக் கிடக்கும் அந்த ஆற்றைப் பார்ப்போருக்கு அதன் வலிமை விளங்காது. 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடிப் பல உயிர்களைக் கொண்டு போனது. 2021 நவம்பரில் நெடுங்காலமாகக் காணாத வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியபோது, தரைப்பாலங்கள் பல நீரில் மூழ்கின. கைக்கெட்டும் தொலைவிலுள்ள ஊர்கள் பல மைல் சுற்றிச் செல்லும் ஊர்களாயின. அடுத்த மாதமே, பாலாற்றோடு கலக்கும் பொன்னை ஆற்றின்மேல், முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையேயுள்ள ரயில் பாலத்தில் விரிசல் காணப்பட்டு, பல வண்டிகள் ரத்தாயின. பழுது நீக்கப்பட்ட பின்னரே போக்குவரத்து சீராயிற்று. பாலத்தில் ஏற்பட்ட விரிசல் உரிய நேரத்தில் கண்டறியப்பட்டமையால் எத்தனை குடும்பங்கள் நலமாக வீடு சேர்ந்தன என்பதற்குக் கணக்கு இல்லை.

ஆகவே மழைக்காலத்தில் தலயாத்திரை செல்வோர், காட்பாடியில் இறங்கி வேலூர் வழியாக நெடுஞ்சாலையில் செல்வதே பாதுகாப்பு. கார்த்திகைக் கடை ஞாயிறும் மழைக்காலத்தை ஒட்டியே வருவதால் இது முக்கியம். மற்ற நாள்களில், ஆற்றைக் கடக்கும் வழியின் நிலையை முன்னரே கேட்டறிந்து, பகற்பொழுதில் வரும் வண்டியில் விரிஞ்சிபுரம் நிலையத்தில் இறங்கலாம். முதியோர் துணையின்றித் தனியே செல்லாதிருப்பது நலம்.

ஒரு சீட்டு, ஒரு விளக்கு

வண்டி நின்றால்தான் அது நிலையம். சீட்டு விற்றால்தான் வண்டி நிற்கும். இது எளிய கணக்கு. நாளொன்றுக்கு நூறு பேர் 10 ரூபாய்ச் சீட்டு எடுத்தால், ஆண்டுக்கு 3,65,000 ரூபாய். அந்த நூறு பேரும் ‘அடுத்த ஊர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று சீட்டின்றி ஏறினால், ஏட்டில் அந்நிலையத்துக்குப் பயணிகளே இல்லை. பயணிகள் இல்லாத நிலையத்துக்குக் குழாய் எதற்கு, விளக்கு எதற்கு, நிறுத்தம்தான் எதற்கு என்ற கேள்வி எழும். அதற்கு விடை சொல்ல ஊரார் கையில் எண் இராது. சீட்டு எடுப்பது நேர்மை மட்டுமன்று. தம் ஊர் நிலையத்துக்கு ஊரார் இடும் வாக்கு.

கிராமத்துப் பழங்கோயில்களை நன்கறிந்த அன்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரு கால பூசை மட்டும் நடக்கும் கோயிலில், பெரிய செல்வர் ஒருவர் என்றோ வந்து செய்யும் திருப்பணியைவிட, அன்றாடம் ஒருவர் கொண்டுவரும் ஆழாக்கு எண்ணெய்தான் விளக்கை அணையாமல் காக்கிறது. சிற்றூர் ரயில் நிலையமும் அவ்வாறே. அதன் இருக்கையைத் துடைத்து அமர்வதும், குழாயைத் திறந்தபின் மூடுவதும், நடைமேடையில் குப்பை இடாதிருப்பதும், குறை கண்டால் நிலையப் புகார்ப் புத்தகத்தில் பெயரோடும் நாளோடும் எழுதி வைப்பதும் அந்த விளக்குக்கு ஊற்றும் எண்ணெயே.

மூத்தோருக்கு மேலும் ஒரு பணி காத்திருக்கிறது. பேரப் பிள்ளைகள் இன்று காரில் ஏறி நேரே கோயில் வாசலில் இறங்குகின்றனர். விடுமுறையில் ஒருநாள் அவர்களைப் பாசஞ்சர் வண்டியில் அழைத்துச் சென்று, சாளரத்தின் வழியே பாலாற்றைக் காட்டி, மஞ்சள் பலகையைப் படிக்கச் சொல்லி, விரிஞ்சன் யார், வழித்துணையார் யார், மிளகு வணிகருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லலாம். கோயிலுக்குள் சென்றபின் மணிகாட்டும் கல்லருகே நிறுத்தி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். 14 நிமிட வேறுபாட்டைக் கண்டு அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்வதற்குள் பாதி வரலாறு சொல்லி முடிந்திருக்கும்.

அந்நாளில் கள்வர் அச்சம். இந்நாளில் வேகத்தின் அச்சம். அந்நாளில் காட்டு வழி. இந்நாளில் இரும்பு வழி. ஆனால் வாசற்படி இறங்கும் தாய், போகும் பிள்ளையைப் பார்த்து மனத்துள் வேண்டுவது மாறவில்லை. பத்திரமாய்ப் போய்ச் சேர வேண்டும். பத்திரமாய்த் திரும்பி வர வேண்டும். அந்த வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் பெருமான், சாய்ந்த திருமேனியோடு தென்கரையில் எழுந்தருளியிருக்கிறார். அவர் ஊர்ப்பெயரை ஏந்தி, நிற்கும் வண்டிக்கும் நிற்காத வண்டிக்கும் வழிவிட்டு, வடகரையில் காத்திருக்கிறது அந்தச் சிறு நிலையம். அங்கே வண்டிகள் என்றும் நிற்கட்டும். ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் வழித்துணைநாதர் துணை நிற்பாராக.